கையால் வரைந்த வாசகத்துக்கு எந்த எழுத்துரு துணை?

ஒரு வாசகத்தை எழுத்தோவியமாக வடிக்கும்போது முக்கியச் சொற்களை வரைவது கைப்பழக்கத்தின் வேலை. மீதமுள்ள சொற்கள், சொன்னவர் பெயர், அடியில் ஒரு சிறு வரி ஆகியவற்றை எந்த எழுத்துருவில் வைப்பது என்பதுதான் யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய வேலை. இதில் தவறினால் மேலே கொட்டிய உழைப்பு முழுவதும் மங்கிப்போகும். பிரஷ் பேனாவால் உயிரோட்டமாக வரைந்த ஒரு சொல்லுக்குக் கீழே, பட்டியலில் முதலில் கண்ணில்பட்ட எழுத்துருவை ஒட்டிவைத்த வடிவமைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தச் சொல்லை வரைந்த கை இன்னும் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும், படம் நிமிர்ந்து நின்றிருக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணை எழுத்துரு கையெழுத்துடன் ஏதாவது ஒன்றில் நன்றாக ஒத்துப்போக வேண்டும். இன்னொன்றில் சந்தேகத்துக்கு இடமின்றி விலகி நிற்க வேண்டும். ஒத்துப்போக ஏற்ற இடம் கோட்டின் தடிமன் அல்லது எழுத்துடலின் அகலம். விலகி நிற்க ஏற்ற இடம் கோட்டின் குணம். இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்து முழுதாக ஒன்றாமல் போகும்போதுதான் கண் உறுத்துகிறது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

ஆங்கில வழிகாட்டிகள் எங்கே கைவிடுகின்றன

எழுத்துருக்களை இணைப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ரோமன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவற்றின் முதல் சூத்திரம்: வளைந்து ஓடும் கையெழுத்துக்குப் பக்கத்தில், முழுக்கப் பெரிய எழுத்துகளில், இடைவெளி விட்டு அடுக்கிய எளிய எழுத்துருவை வையுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அந்தச் சூத்திரம் தரும் அமைதியான, நேர்கோட்டுப் பட்டை போன்ற வரி நமக்குத் தானாகக் கிடைக்காது. நம் வரியில் மேல்விலங்கு மேலே எழும், கீழ்விலங்கு கீழே இறங்கும், புள்ளி தலைக்கு மேலே நிற்கும். மிக எளிய எழுத்துருவில் அமைத்தாலும் தமிழ் வரியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அலைந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது சூத்திரம், உப்புச்சப்பில்லாத சிறு சொற்களைத் தனியாகப் பிரித்துச் சிறிதாக்கி ஓரத்தில் அழகாகச் செருகுவது. ஆங்கிலத்தில் அத்தகைய துண்டுச் சொற்கள் வரிக்கு இரண்டு மூன்று கிடைக்கும். தமிழில் அந்த வேலையைச் செய்பவை வேற்றுமை உருபுகள். அவை சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘மரத்தின்’ என்ற சொல்லில் ‘மர’ மட்டும் பெரிதாகவும் ‘த்தின்’ சிறிதாகவும் இருந்தால் அது வாசிப்பதற்குத் தொல்லை. ‘ஒரு’, ‘என்று’, ‘போல’, ‘தான்’ போன்ற சில சொற்கள்தான் நமக்குக் கிடைக்கும் துண்டுகள். ‘தான்’ கூடப் பெரும்பாலும் முன்சொல்லோடு சேர்ந்தே வரும்.

ஆகவே தமிழில் படிநிலையைக் காட்ட நம்மிடம் உள்ளவை தடிமன், அகலம், அளவு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவைதான். துணை எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் எத்தனை தடிமன்கள் இருக்கின்றன, அகலத்தை மாற்ற முடியுமா என்பதையே முதலில் பாருங்கள். வடிவம் பிடித்திருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

ஒரே சீரான கோடு கொண்ட எழுத்துருக்கள்

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனேக் தமிழ் எல்லாம் இந்த வகை. கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ ஒரே தடிமனில் போகும், அலங்காரம் கிடையாது. பிரஷ் பேனாவில் வரைந்த எழுத்துக்கு இவைதான் பொருத்தமான துணை. பிரஷ் கோடு அழுத்தும்போது பருத்து, தூக்கும்போது மெலிந்து, ஈரம் தீரும் இடத்தில் சொரசொரப்பாகி முடிகிறது. அதன் பக்கத்தில் சீரான கோடு நிற்கும்போது இரண்டின் குணமும் தெளிவாக வேறுபடும். கையெழுத்து பேசும், எழுத்துரு கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் படம் இரைச்சலாகிவிடும்.

இந்தக் கூட்டத்திலும் எல்லாம் ஒன்றல்ல. கேட்டமரனில் ஒன்பது தடிமன்கள் உண்டு, முக்த மலரில் ஏழு, ஹிந்த் மதுரையில் ஐந்து. அனேக் தமிழ் மாறுநிலை எழுத்துரு. தடிமனை 100 முதல் 800 வரையும், அகலத்தை 75 முதல் 125 சதவீதம் வரையும் நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். என்னிடம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் அனேக் தமிழைத்தான் சொல்வேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சதுரமான ஒரு படத்தில் ‘தள்ளிவைத்துவிட்டால்’ என்று ஒரு சொல் வந்தாலே வரி நிரம்பிவிடும். எழுத்தின் அளவைக் குறைத்தால் மெலிந்துபோகும். கணினியில் பக்கவாட்டில் நசுக்கினால் நின்ற கோடுகள் மெலிந்து படுத்த கோடுகள் பருத்தபடியே நிற்கும். குறுகிய அகலம் அதற்கென்றே வரையப்பட்டிருக்கும்போது இந்தக் கேடு எதுவும் வராது.

குறை ஒன்று உண்டு. கையெழுத்து ஏற்கெனவே ஒரே தடிமனில் ஓடும் மெல்லிய கோடாக இருந்தால், இந்த வகை எழுத்துரு அதன் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கோடாகத்தான் நிற்கும். வேறுபாடு அளவில் மட்டும் இருக்கும், குணத்தில் இருக்காது. அப்போது அடுத்த வகையைத் தேடிப் போக வேண்டும்.

தடிப்பும் மெலிவும் மாறிவரும் எழுத்துருக்கள்

டைரோ தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவை அச்சுப் புத்தகத்தின் மரபில் வந்தவை. ஒரே எழுத்துக்குள் பருத்த கோடும் மெல்லிய கோடும் இருக்கும். மார்க்கர் பேனாவாலோ நுண்முனைப் பேனாவாலோ சீரான கோட்டில் வரைந்த கையெழுத்துக்கு இவை அருமையாகப் பொருந்தும். கையெழுத்து இளமையாக, இலகுவாக இருக்கும். கீழே வரும் வரி நூலின் பக்கத்திலிருந்து எடுத்ததுபோல் நிதானமாக இருக்கும். பழமொழி, தத்துவம், இரங்கல் வரி, நன்றி சொல்லும் வரி ஆகியவற்றுக்கு இந்த நிதானம் தேவைப்படுகிறது.

பிரஷ் எழுத்துடன் இவற்றைச் சேர்ப்பது கடினம். முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டிலும் தடிப்பு மெலிவு இருக்கும்போது, தடிப்பு எங்கே விழுகிறது என்பது ஒத்துப்போக வேண்டும். உங்கள் பிரஷ் எழுத்தில் ‘ப’வின் நின்ற கோடுகள் பருத்தும் அடிக்கோடு மெலிந்தும் இருக்க, எழுத்துருவில் அது தலைகீழாக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருக்கும். எழுத்துருவின் ‘ப’, ‘ட’, ‘ம’ மூன்றையும் பெரிதாக்கித் திரையில் வைத்து, பக்கத்தில் உங்கள் கையால் வரைந்த அதே மூன்று எழுத்துகளை வைத்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு கவனம்: இந்த எழுத்துருக்களின் மெல்லிய கோடுகள் சிறிய அளவில் காணாமல்போகும். கைப்பேசித் திரையில் பார்க்கப்படும் படத்தின் மூலையில், சொன்னவர் பெயரை இந்த வகையில் மிகச் சிறியதாகப் போட்டால் எழுத்துகள் அங்கங்கே அறுந்ததுபோல் தெரியும். பெயருக்கு மட்டும் சீரான கோட்டு எழுத்துருவுக்கு மாறிவிடலாம் என்று தோன்றும். ஒரே படத்தில் கையெழுத்தும் இரண்டு எழுத்துருக்களும் சேர்ந்தால் கூட்டம் அதிகம். பெயரைச் சற்றுப் பெரிதாக்குவதே மேல்.

உருண்டை எழுத்துருக்கள்

பாலூ தம்பி, காயினி போன்றவை தடித்து, முனை மழுங்கி, குண்டாக இருக்கும். குழந்தைகளுக்கான வாசகம், பிறந்தநாள் வாழ்த்து, உற்சாகமான ஒரு கூவல் ஆகியவற்றுக்கு நன்றாக இருக்கும். ஆனால் இவற்றைத் துணை என்று சொல்லத் தயங்குகிறேன். இயல்பிலேயே இவை முன்வரிசைக்காரர்கள். கையெழுத்தின் பக்கத்தில் வைத்தால் பார்வையை இழுத்துக்கொள்ளும். பாலூ தம்பியில் தடிமன் 400 முதல் 800 வரை கிடைப்பதால் குறைந்த தடிமனை எடுத்துக்கொண்டு அடக்கிவைக்கலாம். காயினியில் ஒரே தடிமன்தான், அடக்க வழியில்லை. கையெழுத்தைச் சிறிய துணைவரியாக வைத்து, உருண்டை எழுத்துருவைத் தலைவரியாக வைக்கும் தலைகீழ் அமைப்பில் மட்டும் காயினியை எடுப்பேன்.

கையெழுத்துப் பாணி எழுத்துருக்கள்

கவிவனார் போன்ற சாய்ந்த, கையால் எழுதிய தோற்றமுள்ள எழுத்துருக்கள் தனியாகப் பார்க்கையில் அழகானவை. அழைப்பிதழின் உள்பக்கத்துக்கும் குறிப்பு வரிகளுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் உண்மையான கையெழுத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. புதிதாக எழுத்தோவியம் செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். “கையெழுத்துக்குக் கையெழுத்து பொருந்தும்தானே” என்று நினைப்பது இயல்பு.

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்ற பழமொழியை எடுத்துக்கொள்வோம். ‘வெள்ளம்’ என்ற சொல்லில் ள் ஒருமுறை, ள ஒருமுறை அடுத்தடுத்து வருகின்றன. கையால் வரைபவர் இந்த இரண்டையும் ஒரே மாதிரி வரைவதில்லை. முதல் எழுத்தின் வால் இரண்டாவதற்கு இடம்விட்டுச் சுருங்கும். இரண்டாவது சற்று விரிந்து ‘ம்’மை நோக்கி நகரும். கை தன்னையறியாமல் செய்யும் வேலை இது. கையெழுத்துப் பாணி எழுத்துருவில் இரண்டு ளகரமும் அச்சு அசலாக ஒன்றே. முன்னதன் தலையில் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். தனியாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். உண்மையான கையெழுத்து ஓரங்குலம் தள்ளி நிற்கும்போது அந்த நகல்தன்மை பளிச்சென்று தெரிந்துவிடும். அத்துடன் உங்கள் கையெழுத்தையும் ஏதோ ஒரு எழுத்துரு என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அந்த இழப்பைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எழுத்துருவே இல்லாமல்

இன்னொரு வழியும் உண்டு: துணை வரியையும் கையாலேயே எழுதுவது. முக்கியச் சொற்களைப் பிரஷ்ஷில் வரைந்து, மற்றவற்றை நுண்முனைப் பேனாவால் சிறிய, நேரான, அலங்காரமில்லாத எழுத்தில் எழுதலாம். ஆறேழு சொற்களுக்குள் முடியும் வாசகமாக இருந்தால் இதைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது என் எண்ணம். கையெழுத்தில் வரிகளை ஒன்றுக்குள் ஒன்று புகுத்தலாம். மேல்வரியின் ‘ழு’ கீழே இறங்கி வளையும் இடத்தில் கீழ்வரியின் ஒரு சொல்லை நிறுத்தலாம். எழுத்துரு இவ்வளவு நெளிவு காட்டாது.

நீண்ட வாசகமென்றால் இது சரிப்படாது. பதினைந்து சொற்களைச் சீரான சிறிய எழுத்தில் எழுதுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒரு சொல் கோணினாலும் கண் அங்கேயே போய் நிற்கும். ஒரே வடிவமைப்பைப் பல வாசகங்களுக்குத் தொடராகச் செய்யும்போதும் எழுத்துருதான் கைகொடுக்கும். வாரம் ஒரு படம் போடுபவருக்குத் துணை வரி ஒரே எழுத்துருவில் தொடர்வது அடையாளமாகவே ஆகிவிடும்.

எந்தச் சொல் கைக்கு, எந்தச் சொல் எழுத்துருவுக்கு

பழமொழிக்கே திரும்புவோம். ‘சிறு துளி’யை எழுத்துருவிலும் ‘பெரு வெள்ள’த்தைப் பிரஷ்ஷிலும் வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பொருளுக்கும் பொருந்தும். ஆனால் ‘பெ’யிலும் ‘வெ’யிலும் ஒற்றைக் கொம்பு வருகிறது, இரண்டும் சொல்லின் தொடக்கத்தில் வருகின்றன. இரண்டு சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் இடப்பக்கம் இரண்டு கொம்புகளும் ஒரே நேர்கோட்டில் நின்று அழகான ஒரு விளிம்பைத் தரும். பக்கத்தில் பக்கம் வைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். தலைகீழாகச் செய்வதும் நன்றாக இருக்கும்: ‘துளி’யை மட்டும் கையால், ஒரே ஈரமான அசைவில் வரைந்து, மீதி மூன்று சொற்களையும் குறுகிய அகலமுள்ள எழுத்துருவில் அமைதியாக வைப்பது. ‘ளி’யின் மேல்விலங்கு நீர்த்துளி விழும் கோடாக மேலிருந்து இறங்க இடம் கொடுக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

நீளமான வாசகத்தில் இந்தப் பிரிவினை இன்னும் நுட்பமாகிறது. ‘நாளைக்கு என்று தள்ளிவைத்த வேலைதான் இன்றிரவு தூக்கத்தைத் தின்கிறது’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘தூக்கம்’தான் இதில் கனமான சொல் என்று அதை மட்டும் கையால் வரையத் தோன்றும். ஆனால் வாசகத்தில் அது ‘தூக்கத்தைத்’ என்று நிற்கிறது. கடைசி ‘த்’ அடுத்த சொல்லுக்காக வந்த ஒற்று. பெரிதாக வரைந்த சொல்லின் கடைசியில் அந்த ஒற்று தொங்கிக்கொண்டு நிற்கும். அதற்குக் காரணமான ‘தின்கிறது’ வேறு எழுத்தில், வேறு அளவில், கீழே எங்கோ இருக்கும். ஒற்றை நீக்கிவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். அது பிழை, எழுத்தை அழகாக்க உட்கார்ந்தவர் எழுத்துப்பிழையுடன் எழுந்திருக்கக் கூடாது. சரியான தீர்வு, ஒற்று வரும் இடத்தில் பிரிக்காமலிருப்பது. ‘தூக்கத்தைத் தின்கிறது’ இரண்டையும் சேர்த்துக் கையால் வரையுங்கள். தகரம் தகரத்தோடு மோதும் அந்த இடமே ஓவியத்தின் சுவையான பகுதியாகிவிடும். மீதி ஐந்து சொற்கள் எழுத்துருவில் இரண்டு வரிகளாக மேலே உட்காரும்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், கையால் வரையும் பகுதி இயல்பாகவே படத்தின் கீழ்ப்பாதிக்குப் போகிறது. இதைத் தவிர்க்க வேண்டியதில்லை. மேலே அமைதியான எழுத்துருவில் தொடங்கி, கீழே கையெழுத்தில் கொட்டி முடிக்கும் அமைப்பு நம் வாக்கியத்தின் நடைக்கு ஒத்துவருகிறது.

தடிமனை எப்படிப் பொருத்துவது

எழுத்துருவை முடிவுசெய்த பிறகும் எந்தத் தடிமனில், எந்த அளவில் வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. நான் நம்பும் முறை ஒன்றுதான்: உங்கள் கையெழுத்தின் மிக மெல்லிய கோடு எவ்வளவு தடிமனோ, எழுத்துருவின் கோடும் அவ்வளவே இருக்கட்டும். பிரஷ்ஷில் வரைந்த ‘ள’வின் பருத்த பகுதி ஆறு மில்லிமீட்டர், மெலிந்த பகுதி ஒரு மில்லிமீட்டர் என்றால், எழுத்துருவின் கோடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும்படி தடிமனையும் அளவையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். இப்போது இரண்டும் ஒரே மையில், ஒரே மேசையில் பிறந்தவைபோல் தோன்றும். முன்பே சொன்ன ‘ஒன்றில் ஒத்துப்போவது’ என்பது நடைமுறையில் இதுதான். மாறுநிலை எழுத்துருவில் இதைத் துல்லியமாகச் செய்ய முடியும். நான்கைந்து தடிமன்கள் மட்டும் உள்ளதில் கிட்டத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு அளவை லேசாகக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

ஒரே தடிமன் மட்டும் உள்ள எழுத்துருக்களில் ‘போல்ட்’ பொத்தானை அழுத்திச் சமாளிக்க வேண்டாம். மென்பொருள் தானாகவே கோட்டின் எல்லாப் பக்கமும் சதை போட்டுவிடும். ‘ண’, ‘ஐ’, ‘ஞ’ போன்ற எழுத்துகளில் உள்ள சுழிகளின் நடுவெளி அடைந்துபோகும். சாய்வெழுத்தும் அப்படித்தான்: எழுத்துருவில் இல்லாத சாய்வை மென்பொருள் உண்டாக்கும்போது வட்டமான சுழிகள் முட்டையாகி ஒரு பக்கம் சரிந்துவிடும்.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திரையில் வெள்ளைக் கோடு இருப்பதைவிடப் பருமனாகத் தெரியும். தடிமனை ஒரு படி குறைத்தால் சரியாகும். அச்சில் நிலைமை நேரெதிர். சுற்றியுள்ள மை கசிந்து மெல்லிய வெள்ளைக் கோட்டை விழுங்கப் பார்க்கும். ஒரே படத்தைத் திரைக்கும் அச்சுக்கும் கொடுப்பதானால் இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்வது நல்லது.

இடைவெளி, வரியகலம்

ஆங்கில எழுத்துகளை அகலமாகப் பரப்பிவைக்கும் வழக்கத்தைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவது ஆபத்து. ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவங்கள் சேர்ந்த ஒரே எழுத்து. இடைவெளியைக் கூட்டும்போது சில மென்பொருள்கள் இந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணிப் பிரித்துவிடும். கொம்பு முன்சொல்லின் வால்போலவும் கால் அநாதையாகவும் நிற்கும். மிகச் சிறிதளவு கூட்டினால் கேடில்லை. அதற்குமேல் வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவுக்கு மாறுவதே முறை.

வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விடுங்கள். மேல்வரியில் ‘மூ’, ‘ழு’, ‘ளூ’ ஏதாவது இறங்கி, நேர்கீழே ‘வீ’யின் சுழி எழுந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். வரியிடைவெளியைக் கூட்டினால் மட்டும் போதாது. சில நேரங்களில் வரியை வேறு இடத்தில் உடைக்க வேண்டும்.

பழைய எழுத்து வடிவங்கள்

எழுத்தோவியம் செய்பவர்களில் பலருக்குத் துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’, ‘ளை’, ‘ணை’ மீது ஆசை உண்டு. எனக்கும் உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இவற்றின் இடத்தில் சங்கிலிக் கொம்புடன் கூடிய வடிவங்கள் வந்தன. இன்று பழக்கத்தில் உள்ள எழுத்துருக்கள் இந்தப் புதிய வடிவத்தையே காட்டுகின்றன. கையால் வரையும்போது பழைய வடிவத்தைப் பயன்படுத்தத் தடையேதும் இல்லை, அந்த வளைவு பிரஷ்ஷுக்கு விருந்து. ஆனால் வாசகத்தின் எழுத்துருப் பகுதியிலும் ஒரு ‘லை’ வந்தால், ஒரே படத்தில் ஒரே எழுத்து இரண்டு உருவத்தில் நிற்கும். இளம் வாசகர் ஒன்றைப் பிழை என்று நினைத்துவிடுவார். மேலே சொன்ன வாசகத்தில் ‘வேலைதான்’ என்று இருப்பதைப் பாருங்கள். கையால் வரைந்த பகுதியில் பழைய வடிவம் எதுவும் வராததால் அங்கே சிக்கல் இல்லை. இல்லாவிட்டால் நான் புதிய வடிவத்துக்கே மாறியிருப்பேன்.

இரண்டு மொழிகள் சேரும்போது

தமிழ் வாசகத்துக்குக் கீழே ஆங்கில வரி ஒன்று வேண்டுமென்றால் தனியாக ஓர் ஆங்கில எழுத்துருவைத் தேடி அலைய வேண்டாம். பாலூ, முக்த, அனேக், ஹிந்த், கேட்டமரன் எல்லாவற்றிலும் தமிழும் ரோமனும் ஒரே குடும்பமாக வரையப்பட்டிருக்கின்றன. ஒரே அளவு எண்ணில் இட்டால் இரண்டும் பெரும்பாலும் ஒரே உயரமாகத் தெரியும்; தெரியாவிட்டால் கண்ணை நம்பி ரோமனை லேசாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை அனுப்பும் முன்

பழைய குறியாக்க எழுத்துருக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து உருவாக்கப்பட்டவை. அந்தக் காலத்து அலங்கார எழுத்துருக்கள் பலவும் இதே முறையில்தான் கிடைக்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்த வாசகம் அவற்றில் தெரியாது. மாற்றிகளைக் கொண்டு மாற்ற வேண்டும், மாற்றும்போது எழுத்து உடையும். அசாதாரணமாக அழகான ஒரு வடிவம் கிடைத்தாலொழிய நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். இங்கே குறிப்பிட்ட நோட்டோ, அனேக், முக்த, பாலூ, ஹிந்த், கேட்டமரன், டைரோ, காயினி, கவிவனார் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு செய்த படத்தை விற்கலாம், சட்டையில் அச்சிடலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும் எழுத்துருவை விற்பனைக்குப் போகும் வேலையில் சேர்ப்பது அதை வரைந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

அடோபி மென்பொருள்களில் வேலை செய்பவர்கள் பத்தி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான ‘வேர்ல்ட்-ரெடி’ அமைப்பியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி இடம் மாறும். எல்லாம் சரியாக அமைந்த பிறகு ஒரு நகல் எடுத்து, அதில் எழுத்துருப் பகுதியை வெறும் கோட்டுருவமாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்புங்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வரி உடையாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். அச்சகம் திருப்பி அனுப்பும் மாதிரியில் கொம்பையும் புள்ளியையும் ஒவ்வொன்றாக விரல்வைத்துச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.